விளக்கு, தேங்காய், நிற்கும் மனிதர்கள்

கூட்டுறவுச் சங்கங்களின் செய்திமடலிலிருந்து ஒரு பெண் ஃபோன் செய்தாள். "அக்கா, பார்வையில்லாதவங்களும் வெப்சைட்டைப் பயன்படுத்துற மாதிரி மாத்துற டூல் நெறைய வந்திருச்சு. சர்வர்ல போடுறது. நீங்கதான் அதுல பழம் தின்னு கொட்ட போட்டவங்க. எது நல்லது எது மட்டம்னு ஒரு பக்கத்துல ஒப்பிட்டு எழுதித் தாங்க லா" என்றாள். ஒரு பக்கமாம்! "ஒரு பக்கத்துல முடியாதும்மா, முடியிற ஆளப் பாத்துக்கோ" என்று வைத்துவிட்டேன். வைத்த பிறகு மனசு கேட்கவில்லை. எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். வெட்டினால் சண்டைக்கு வருவேன்.

என் படிப்பைச் சொல்ல அதிக நேரமாகாது. கோலா கங்சார் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவள். அப்பாவும் அம்மாவும் பால்மரம் சீவினவர்கள். ஈப்போவுக்கு வந்து டைப்பிங் படித்தேன், ஜெலாப்பாங்கில் ஒரு தொழிற்சாலையில் டேட்டா என்ட்ரி செய்தேன், மாலை வகுப்பில் கம்ப்யூட்டர் டிப்ளோமா முடித்தேன். அதற்குள் கல்யாணம், பிள்ளைகள். தோட்டங்கள் கைமாறி, செம்பனையும் வீடமைப்புமாக ஆனபோது வெளியே வந்த குடும்பங்கள் சேர்ந்து நடத்திய சங்கத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராகச் சேர்ந்தேன். வெப்சைட் என்று ஒன்று வந்ததும், "சரஸ்வதிதான் கம்ப்யூட்டர் படிச்சவ" என்று அதையும் என் தலையில் கட்டினார்கள். பிறகு சர்வரையும் கட்டினார்கள். ஓய்வு பெறும்வரை இரண்டும் இறங்கவே இல்லை.

எங்கள் பொது மேலாளர் ஜமாலுதீனைப் பற்றிச் சொல்லாமல் கருவிகளைப் பற்றிச் சொல்ல முடியாது. ஈப்போவில் சாப்பாட்டுக்கடை நடத்தும் குடும்பம். அண்ணன் தம்பிகள் கல்லாவில் உட்கார, இவர் மட்டும் கணக்கியல் படித்து எங்களிடம் வந்துவிட்டார். பாஸ் என்றுதான் கூப்பிடுவோம். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. என் குரல்தான் கீழ்மாடி வரை போகும். காலையில் முதல் ஆளாக வந்து தன் மேசையைத் தானே துடைப்பார். நாம் எதைக் கொண்டுபோனாலும் சொல்லி முடிக்கும்வரை கேட்பார். அப்புறம் ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு, பதில் வரும்வரை சும்மா இருப்பார். அந்தச் சும்மா இருப்பதைத்தான் தாங்க முடியாது. "திட்டித் தொலைங்க பாஸ்" என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன்.

அவருடைய அத்தா கடையில் ஒரு சட்டம் இருந்ததாம். சமைத்தவன் வாடிக்கையாளருக்குப் போகும் அதே சட்டியிலிருந்துதான் சாப்பிட வேண்டும், தனக்கென்று தனியாக எடுத்து வைக்கக் கூடாது. பாஸ் ஆபீசிலும் அப்படித்தான். சங்கம் அனுப்பும் குறுஞ்செய்தி முதலில் அவர் ஃபோனுக்கு வர வேண்டும். உறுப்பினர் நிற்கும் கவுண்டரில் அவரும் வரிசையில் நின்று பார்ப்பார்.

இந்தக் கருவி விவகாரம் தொடங்கியது ஒரு ஃபோன் அழைப்பில். பேசியவர் லெட்சுமணன், எங்கள் உறுப்பினர். பிறவியிலேயே பார்வை இல்லாதவர். பினாங்கில் படித்துவிட்டு ஒரு கம்பெனியில் டெலிஃபோன் ஆப்பரேட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். திரையில் இருப்பதைச் சத்தமாகப் படித்துச் சொல்லும் மென்பொருளை ஃபோனிலும் கம்ப்யூட்டரிலும் வைத்திருந்தார்.

"ஏம்மா, ஒங்க வெப்சைட்டுக்குள்ள போனா பட்டன், பட்டன், பட்டன்னுதான் சொல்லுது. என்னா பட்டன்னு சொல்ல மாட்டேங்குது. அமுக்கலாமா வேணாமா? அமுக்கி எதாச்சும் வெடிச்சிருச்சுன்னா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு வெட்கமாகவும் இருந்தது. அன்று நெடுநேரம் பேசினோம். அவர் மனைவி பாக்கியமும் எங்கள் வட்டாரத்துத் தோட்டத்தில் பிறந்தவர்தான். தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ளச் சின்ன வயதிலேயே பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தப்பட்டவர். எழுத்து தெரியாது. கோயில் நோட்டீஸ், பத்திரிகை, சாவுச் செய்தி எல்லாவற்றையும் ஃபோனில் கேட்டு லெட்சுமணன்தான் மனைவிக்குச் சொல்வார். பேருந்து எண்ணையும் பணநோட்டின் நிறத்தையும் மனைவி அவருக்குச் சொல்வார். "அவளுக்குக் கண்ணு இருக்கு, படிப்பு இல்ல. எனக்குப் படிப்பு இருக்கு, கண்ணு இல்ல. ரெண்டு பேரையும் சேத்தா ஒரு முழு ஆளும்மா" என்றார்.

பாஸிடம் சொன்னேன். கருவிகளைத் தேடிப் பார்க்கச் சொன்னார். மூன்று வகையைச் சோதனைக்கு எடுத்தேன்.

முதல் வகை, நம் சர்வருக்கும் வெளி உலகத்துக்கும் நடுவில் உட்கார்ந்துகொள்ளும். நம் பக்கங்களை அது தொடாது. யாராவது ஒரு பக்கத்தைக் கேட்டால், சர்வரிலிருந்து கிளம்பிப் போகும் வழியில் அதைப் பிடித்துச் சீர்செய்து அனுப்பும். பெயரில்லாத பட்டனுக்குப் பெயர் வைக்கும். விளக்கம் இல்லாத படத்தைத் தானே பார்த்து ஒரு விளக்கம் எழுதிச் சேர்க்கும், அதுவும் தமிழிலேயே. நாம் ஒரு வேலையும் செய்ய வேண்டியதில்லை.

இரண்டாவது வகை, நாம் அறிவிப்பு எழுதும் இடத்திலேயே காவல் நிற்கும். படத்தைப் போட்டுவிட்டு "வெளியிடு" என்று அமுக்கினால், "இதில் என்ன இருக்கிறது? எழுது" என்று கேட்கும். எழுதாவிட்டால் வெளியே விடாது. அதைச் சோதித்த வாரத்தில் ஆபீசில் எனக்குக் கிடைத்த சாபங்களை இங்கே எழுத முடியாது. "ஒரு நோட்டீஸ் போட இத்தன கேள்வியா? ஒங்க மாமியாரே தேவல போல இருக்கே அக்கா" என்றார்கள்.

மூன்றாவது வகை ஒன்றையும் சீர்செய்யாது, ஒன்றையும் தடுக்காது. விடியற்காலையில் எல்லாப் பக்கங்களையும் சுற்றி வந்து, எங்கெங்கே என்னென்ன குறை என்று அறிக்கை கொடுக்கும். மருந்து கொடுக்காமல் வியாதியின் பெயரை மட்டும் சொல்லும் டாக்டர் மாதிரி. ஆனால் வியாதியின் பெயர் தெரிவதும் முக்கியம்தான்.

எனக்கு இரண்டாவதுதான் பிடித்தது. செயற்குழுக் கூட்டத்தில் அதற்காகத் தொண்டை கிழியக் கத்தினேன். ஆனால் முதல் கருவியை விற்க கோலாலம்பூரிலிருந்து வந்தவர் எங்கள் வெப்சைட்டை அதன் வழியாக ஓட்டி, மூன்றாவது வகைக் கருவியாலேயே மதிப்பெண் போட வைத்துக் காட்டினார். திரை முழுக்கப் பச்சை. எங்கள் தலைவர் நடேசன் கை தட்டினார். நல்ல மனிதர்தான், சங்கத்துக்காகச் சொந்தக் காடியில் பெட்ரோல் போட்டுப் பேராக் மாநிலம் முழுக்க அலைந்தவர். ஆனால் பச்சையைக் கண்டால் மயங்கிவிடுவார்.

"வேலையும் இல்ல, சண்டையும் இல்ல. மார்க்கும் வந்துருச்சு. அப்புறம் என்னா சரஸ்?" என்றார்.

பாஸ் விற்பனையாளரிடம் தன் ஒற்றைக் கேள்வியைக் கேட்டார். "இது ஒரு படத்தப் பத்தித் தப்பா சொல்லிச்சுன்னா, அத யாருங்க கண்டுபிடிப்பா?"

விற்பனையாளர் மறுபடியும் பச்சைத் திரையைக் காட்டினார். பாஸ் சும்மா இருந்தார். தலைவருக்கு வேறு கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது. முதல் கருவியே முடிவானது, மதிப்பெண் பார்க்க மூன்றாவதும் கூடவே.

இங்கே எங்கள் ஆட்களின் ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். மலாய் அறிவிப்பு என்றால் டைப் செய்வோம். தமிழ் அறிவிப்பு என்றால் போஸ்டர் செய்வோம். பழைய கம்ப்யூட்டர்களில் தமிழ் எழுத்து கட்டம் கட்டமாகச் சிதறும். அதற்குப் பயந்து படமாக்கி அனுப்பத் தொடங்கினோம். எழுத்துக் கோளாறு தீர்ந்து எவ்வளவோ காலமாகிவிட்டது, பழக்கம் தீரவில்லை. கோயில், பள்ளிக்கூடம், சங்கம், சாவு வீடு, எல்லாம் படம்தான். ஒரு மூலையில் குத்துவிளக்கு, இன்னொரு மூலையில் தேங்காய் வைத்த கும்பம், கீழே பொறுப்பாளர்கள் வரிசையாக நிற்கும் புகைப்படம். இவை இல்லாவிட்டால் அறிவிப்புக்கு மரியாதை இல்லை என்றே நினைக்கிறோம்.

முன்னாள் தோட்டக் குடும்பங்களுக்காகச் சங்கம் கட்டிய வீடுகள் முடியும் நேரம் அது. லெட்சுமணனுக்குக் குலுக்கலில் வீடு விழுந்திருந்தது. மாதக் கடைசியில் கணவனும் மனைவியும் ஐசி என்கிற அடையாள அட்டையோடு நேரில் வந்து உறுதி செய்ய வேண்டும். வராவிட்டால் அந்த வீடு காத்திருப்போரில் அடுத்தவருக்குப் போகும். கடிதங்கள் பழைய தோட்ட விலாசங்களுக்குப் போய்த் திரும்பி வந்துகொண்டிருந்ததால், இனி வெப்சைட்டில் வருவதே முறையான அறிவிப்பு என்று பொதுக்கூட்டத்தில் தீர்மானமாகியிருந்தது. இந்த நிலையில் ஏதோ அனுமதிக் காரணத்தால் அந்த நாளை ஒரு வாரம் முன்னதாக மாற்றிவிட்டார்கள். நான் அப்போது மகளின் பிரசவத்துக்காகத் தாப்பாவில் இருந்தேன். "நம்ம ஆளுங்களுக்குத்தானே" என்று தமிழில் மட்டும் ஒரு போஸ்டர் தயாரித்து, செயற்குழுக்காரர் ஒருவர் தன் ஃபோனிலிருந்தே வெப்சைட்டில் ஏற்றினார். வாட்சப் குழுவிலும் அதே படம்தான்.

நான் வேலைக்குத் திரும்பிய பிறகு, பழைய தேதியன்று காலையில், லெட்சுமணனும் பாக்கியமும் வந்து கவுண்டரில் நின்றார்கள். அவர் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் இருந்தார். அந்த அம்மா கல்யாணத்துக்குப் போவதுபோல் பட்டுச் சேலை கட்டி, பத்திரங்களை பிளாஸ்டிக் பையில் மார்போடு அணைத்து வைத்திருந்தார். கவுண்டரில் இருந்த பெண் என்னைக் கூப்பிட்டாள். அவள் முகத்தைப் பார்த்தபோதே ஏதோ ஆகிவிட்டது என்று தெரிந்தது.

"பசியாறினீங்களாண்ணே?" என்று கேட்டேன். வேறு என்ன பேசுவதென்று தெரியவில்லை.

"பசியாறியாச்சும்மா. எங்க கையெழுத்துப் போடணும்னு சொல்லு. மழைக்கு முன்ன வீட்டுக்குப் போலாம்னு இவ அவசரப்படுறா."

சொன்னேன். தேதி மாறியதையும், அவர் வீடு அடுத்த குடும்பத்துக்குப் போய் அவர்கள் கையெழுத்தும் போட்டுவிட்டதையும் சொன்னேன். அவர் நம்பவில்லை.

"நான் தெனமும் ஒங்க வெப்சைட்டைக் கேக்குறேன். அப்பிடி ஒண்ணும் வரலியே? ரெண்டு வாரத்துக்கு முன்ன ஒரு படம் வந்துச்சு. விளக்கு, தேங்காய், நிற்கும் மனிதர்கள்னு சொல்லிச்சு. சந்தேகத்துக்கு இவகிட்டயும் காட்டினேன்."

பாக்கியம் என்னை நிமிர்ந்து பார்த்தார். "ஆமாம்மா. நானும் பாத்தேன். குத்துவெளக்கு இருந்துச்சு, தேங்கா இருந்துச்சு, தலைவருங்க எல்லாம் நின்னாங்க. ஏதோ பூஜைக்குக் கூப்பிடுறாங்கன்னு நெனச்சிக்கிட்டோம்."

கருவி பொய் சொல்லவில்லை. அந்த அம்மாவின் கண்ணும் பொய் சொல்லவில்லை. இரண்டும் ஒரே சாட்சியைச் சொல்லியிருக்கின்றன. நடுவில் பெரிய எழுத்தில் தேதி இருந்தது, ஆனால் படத்துக்குள் இருக்கும் எழுத்தைக் கருவி படிக்காது. அதைப் படிக்கத் தெரிந்தவருக்கு அது போய்ச் சேரவில்லை, கண்ணில் பட்டவருக்குப் படிக்கத் தெரியவில்லை. போஸ்டருக்கு ஏதோ ஒரு விளக்கம் இருந்ததால் காலை அறிக்கையிலும் அந்தப் பக்கம் பச்சையாகவே இருந்தது.

பாஸ் அவசரக் கூட்டம் கூட்டினார். அவர்கள் இருவரையும் உள்ளே உட்கார வைத்தார். அது வழக்கமில்லை என்று ஒருவர் முனகினார். "அவங்க வீட்டப் பத்திப் பேசுறோம். அவங்க இருக்கட்டுமே" என்றார் பாஸ். தலைவர் முதலில் முறுக்காகத்தான் பேசினார்.

"அறிவிப்பு வெப்சைட்ல இருந்துச்சு. எல்லாருக்கும் பொதுவாத்தான் போட்டோம். மத்தவங்க எல்லாம் பாத்துட்டு வந்தாங்கல்ல? தேதி போனப்புறம் வந்து கேட்டா, கண் கெட்ட பிறகு சூரிய…" என்று ஆரம்பித்தவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"சொல்லுங்க தலைவரே, பரவால்ல" என்றார் லெட்சுமணன். "நான் பொறந்ததுலேர்ந்து அப்பிடித்தான் கும்பிட்டுக்கிட்டு இருக்கேன்."

பாஸ் எழுந்து போய்த் தன் மேசை துடைக்கும் துண்டைக் கொண்டுவந்தார். மடிக்கணினித் திரையின் மேல் அதைப் போட்டு மூடினார். "சரஸ், அந்தப் பக்கத்தத் தொறங்க. அண்ணன் எப்படிக் கேட்டாரோ நாமளும் அப்படியே கேப்போம்."

திறந்தேன். இயந்திரக் குரல் சங்கத்தின் பெயரைப் படித்தது. பட்டன்களின் பெயர்களை அழகாகப் படித்தது. பிறகு, "படம். விளக்கு, தேங்காய், நிற்கும் மனிதர்கள்" என்றது. அடுத்து, "பக்கத்தின் முடிவு" என்றது.

எல்லோரும் காத்திருந்தார்கள். தலைவர் என்னைப் பார்த்து, "தேதி எப்பம்மா வரும்?" என்றார்.

"அவ்வளவுதான் தலைவரே. முடிஞ்சிருச்சு."

பாஸ் துண்டை எடுக்கவில்லை. தலைவர் அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "இன்னொரு தடவ போடு" என்றார். போட்டேன். இரண்டாவது தடவை கேட்டபோது அவர் முகம் விழுந்துவிட்டது.

"இது நம்ம தப்புங்க" என்றார் பாஸ். "நானும் கேட்டுப் பாக்காம விட்டுட்டேன். அறிவிப்பு போட்டோம்னு சொல்ல நமக்கு வாயில்ல."

ஆனால் வீடு? கையெழுத்துப் போட்ட குடும்பமும் தோட்டத்துக் குடும்பம்தான், வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு வந்து நின்றவர்கள். அவர்களை எப்படி எழுப்புவது? பாஸும் தலைவரும் வெகுநேரம் பேசினார்கள். கடைசியில், அடுத்த கட்டத்தில் கட்டும் வீடுகளில் குலுக்கல் இல்லாமல் முதல் வீடு லெட்சுமணனுக்கு என்று தீர்மானமானது. தலைவரே எழுந்து வந்து அவர் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டார்.

"மன்னிப்ப வச்சு நான் என்னாங்க பண்ணப் போறேன்? எனக்கு வீடு வேணும். அடுத்த கட்டம்னா எப்ப?" என்றார் லெட்சுமணன்.

பாக்கியம் பிளாஸ்டிக் பையை மடித்துக்கொண்டு எழுந்தார். "சரி லா, வாங்க. மழை வருது" என்றார். சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை.

அதற்குப் பிறகு முதல் கருவியின் படம் விளக்கும் வேலையை நிறுத்தினேன். பட்டனுக்குப் பெயர் வைக்க மட்டும் அதை விட்டு வைத்தேன், அதில் அது கெட்டிக்காரத்தனமாகத்தான் இருந்தது. எழுதும் இடத்தில் நிற்கும் இரண்டாவது கருவியைப் போட்டோம். காலை அறிக்கையும் தொடர்ந்தது. இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் நான் பொய் சொல்பவள் ஆவேன். கருவி "என்ன படம்?" என்று கேட்டால், "படம்" என்று டைப் செய்துவிட்டு உள்ளே நுழைந்தார்கள் நம் ஆட்கள்! எந்தக் காவலையும் ஏய்க்கத் தெரிந்த கூட்டமல்லவா. அதனால் பாஸ் ஒரு முறை வைத்தார். எந்த அறிவிப்பானாலும், அதை எழுதாத ஒருவர், திரையைத் துண்டால் மூடிவிட்டுக் கேட்க வேண்டும். கேட்டதைத் தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். நாள், இடம், என்ன கொண்டுவர வேண்டும் என்று சொல்ல முடிந்தால்தான் வெளியே போகும். துண்டுகளை அவர் அண்ணன் கடையிலிருந்து கொடுத்து அனுப்பினார்கள். எவ்வளவு துவைத்தாலும் கறிமசாலா வாசம் போகாது. பத்து மணிக்கே எல்லோருக்கும் பசிக்கும்.

இதுதான் செய்திமடலுக்கு என் ஒப்பீடு. எந்தக் கருவியை வாங்கினாலும், கூடவே ஒரு துண்டும் வாங்குங்கள்.

அடுத்த கட்ட வீடுகள் இழுத்துக்கொண்டே போயின. நிலத்தில் சிக்கல், பிறகு கொரோனா, பிறகு சிமெண்ட் விலை. லெட்சுமணன் அவ்வப்போது ஃபோன் செய்வார். நலம் விசாரிப்பார், வீட்டைப் பற்றிக் கேட்கமாட்டார். நானே சொல்லுவேன், "இன்னும் இல்லண்ணே" என்று. ஒரு நாள் அவர் பேசியது பாக்கியம் இறந்துபோனதைச் சொல்ல. சர்க்கரை முற்றி, காலில் புண் வந்து, பெரியாஸ்பத்திரியில் படுத்து, அப்படியே போய்விட்டார். நானும் பாஸும் அவர்கள் குடியிருந்த வாடகை வீட்டுக்குப் போனோம்.

சாவி கொடுக்கும் நாள், நான் ஓய்வு பெறும் மாதத்தில் வந்தது. முதல் சாவி லெட்சுமணனுக்கு. தலைவர் கையால் கொடுத்தார். படம் எடுத்தார்கள். அதை வெப்சைட்டில் ஏற்ற உட்கார்ந்தேன். கருவி வழக்கம்போல் நிறுத்தி, இதில் என்ன இருக்கிறது என்று கேட்டது.

படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வலது கையில் சாவி. இடது கையை முழங்கையில் மடக்கி, தோள் உயரத்துக்குக் கொஞ்சம் கீழே நீட்டி வைத்திருந்தார். எங்கே போனாலும் பாக்கியத்தின் தோளைப் பிடித்துத்தான் நடப்பார். அந்த அம்மா குட்டை. கை சரியாக அந்த உயரத்தில் நின்றது.

நான் எழுதினேன்: "லெட்சுமணன் வலது கையில் வீட்டுச் சாவியை வாங்குகிறார். இடது கையை ஒருவர் தோளில் வைத்திருப்பதுபோல் நீட்டியிருக்கிறார். அந்தக் கைக்குக் கீழே யாரும் இல்லை."

பாஸ்தான் துண்டைப் போட்டுக் கேட்டார். கேட்டுவிட்டு, "படத்துல இல்லாதத எழுதக் கூடாதுன்னு நீங்கதானே சொல்வீங்க சரஸ்?" என்றார்.

"இருக்கு பாஸ். நல்லாப் பாருங்க."

துண்டை எடுத்துவிட்டுப் பார்த்தார். அதே துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "போடுங்க" என்றார்.

சாயங்காலம் லெட்சுமணனிடமிருந்து ஃபோன் வந்தது.

"அந்தப் படத்துக்கு எழுதினது யாரும்மா?"

"நான்தாண்ணே. தப்பா இருந்தா எடுத்துர்றேன்."

பின்னால் அந்த இயந்திரக் குரல் நான் எழுதியதை மறுபடியும் படித்துக்கொண்டிருந்தது எனக்கும் கேட்டது. அது முடியும்வரை இருவரும் காத்திருந்தோம்.

"கை அப்பிடியாம்மா இருந்துச்சு?" என்றார். "எனக்குத் தெரியலயேம்மா."